வெற்றிடத்துக்கு ஒரு வாசல்

அமெரிக்க நகரங்களின் குடியிருப்புத் தெருக்களில் பகல் வேளைகளில் ஒரு வேன் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்கும். ஆனால் வண்டியின் வயிற்றுக்குள் ஓர் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்பட்டு, புல்தரையைக் கடந்து, வாசற்கதவின் வழியே வீட்டுக்குள் நுழையும். மெல்லிய குழாய் கொதிநிலையை நெருங்கிய வெந்நீரைக் கொண்டு செல்கிறது. பருத்த குழாய் அழுக்கேறிய நீரையும் அதனுடன் கலந்த காற்றையும் திருப்பிக் கொண்டுவருகிறது. உள்ளே ஒருவர் வளைந்த உலோகக் குழல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு சுவராக விரிக்கப்பட்ட கம்பளத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பார். இந்த இயந்திரத்துக்குத் தொழிலில் வழங்கும் பெயர் ‘டிரக் மவுண்ட்’. அந்த உலோகக் குழல் ‘வாண்ட்’.

வண்டிக்குள் எட்டிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது எஞ்சினும் தொட்டியும். அவற்றுக்கு நடுவே, அழுத்தமானி ஒன்றின் அருகில், கைப்பிடிக்குள் அடங்கும் ஒரு சிறு உறுப்பு இருக்கும். ஒரு வட்டத் தகடு, அதை அழுத்திப் பிடிக்கும் ஒரு சுருள்வில், வில்லை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு மரை. இதுதான் வெற்றிட ரிலீஃப் வால்வு. குழாய்க்குள் காற்று ஓர் அளவுக்கு மேல் மெலிந்துவிட்டால், இது தானே திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும்.

சற்று நின்று யோசித்தால் இதில் ஒரு முரண் இருப்பது தெரியும். காற்றை வெளியேற்றுவதற்கென்றே இருபது, முப்பது குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை ஓட்டுகிறார்கள். பிறகு அதே இயந்திரத்தில், வெளியேற்றிய காற்று திரும்பி வருவதற்கு ஒரு வாசலையும் வைக்கிறார்கள். அந்த வாசல் ஏன் தேவைப்பட்டது என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கி நடந்தால், பாதை முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய நகரம் ஒன்றில் நொறுங்கிய செம்புக் கோளத்தில் போய் நிற்கிறது.

1. நொறுங்கிய கோளம்

மக்டபர்க் நகரம் 1631-ஆம் ஆண்டு மே மாதம், முப்பதாண்டுப் போரின் நடுவே, சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டது. ஏறக்குறைய இருபதாயிரம் பேர் மாண்டதாகச் சொல்வார்கள். தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவர் ஓட்டோ ஃபான் கெரிக்கே என்னும் பொறியாளர். நகரைத் திரும்பக் கட்டும் வேலையில் ஈடுபட்ட அவர், 1646-இல் அதன் மேயர்களில் ஒருவரானார். பாழான நகரத்தின் கணக்கு வழக்குகளுக்கும் அரசியல் தூதுகளுக்கும் இடையே அவரைப் பிடித்திருந்த கேள்வி ஒன்று உண்டு. எதுவுமே இல்லாத வெளி என்ற ஒன்று இருக்க முடியுமா?

வாதம் செய்வதை விட்டுவிட்டு அவர் பம்பைக் கையில் எடுத்தார். மரப்பீப்பாய் ஒன்றில் நீரை நிரப்பி, ஆட்களைக் கொண்டு நீரை இழுத்து வெளியேற்றிப் பார்த்தார். மரத்தின் துளைகள் வழியே காற்று சீறிக்கொண்டு உள்ளே புகுந்தது. மரம் சரிவராது என்று கண்டு செம்புக் கோளம் ஒன்றைச் செய்வித்தார். காற்று ஏறத்தாழ முழுவதும் வெளியேறிவிட்டது என்று எண்ணிய வேளையில், பேரொலியுடன் அந்தக் கோளம், கையில் கசக்கிய துணியைப் போல், உள்நோக்கிச் சுருங்கிப் போயிற்று. கோளம் முழு வட்டமாக வார்க்கப்படாததே காரணம் என்று கெரிக்கே முடிவு செய்தார். அடுத்த கோளத்தைப் பிழையின்றிச் செய்வித்தார்.

1657-இல் மக்டபர்க்கில் நிகழ்ந்த சோதனையை எல்லாரும் பள்ளியில் படித்திருப்போம். இரண்டு செம்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, இருபுறமும் எட்டெட்டுக் குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். பாடநூல்கள் இந்தக் குதிரைகளோடு நின்றுவிடுகின்றன. கசங்கிப்போன முதற்கோளத்தைப் பற்றி அவை பேசுவதில்லை. ஆனால் நம் கட்டுரைக்கு வேண்டியவர் அந்த முதற்கோளத்தார்தான். வெற்றிடம் என்பது பாத்திரத்தின் மேல் சுமத்தப்படும் பாரம் என்பதை முதலில் உணர்த்தியது அதுவே.

பாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1644-இல், இத்தாலியின் டாரிச்செல்லி விளக்கிவிட்டார். நாம் காற்றுக் கடலின் அடித்தளத்தில் வாழ்கிறோம். அந்தக் கடலின் எடைதான் குழலில் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துகிறது. கடல்மட்டத்தில் அந்தப் பாதரசத் தூணின் உயரம் சுமார் 30 அங்குலம். தண்ணீரானால் பத்து மீட்டருக்குச் சற்று மேல். சுரங்கங்களில் பம்பு வைத்தவர்கள் அந்த உயரத்துக்கு மேல் நீர் ஏற மறுப்பதைக் கண்டு திகைத்ததற்கு விடை அதுதான்.

தமிழில் ‘உறிஞ்சுதல்’ என்கிறோம். குழந்தை பாலை உறிஞ்சுகிறது, மணல் நீரை உறிஞ்சுகிறது. இச்சொல் ஆற்றலை உறிஞ்சுபவரிடம் வைக்கிறது. டாரிச்செல்லி காட்டியது இதற்கு நேர்மாறானது. உறிஞ்சும் இயந்திரம் எதையும் இழுப்பதில்லை. அது ஒரு பக்கத்தைக் காலியாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தள்ளும் வேலையை வெளியே இருக்கும் வானம் செய்கிறது. ஆகவே எவ்வளவு பெரிய எஞ்சினைப் பூட்டினாலும் அந்த 30 அங்குலத்துக்கு மேல் ஓர் இழை கூட வெற்றிடம் கிடைக்காது.

2. உள்நோக்கித் திறக்கும் கதவு

அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் வால்வுக்கு உரியவர் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியாரிடம் காட்டிய நீராவிக் கலம் இன்றைய பிரஷர் குக்கரின் பாட்டன். நெம்புகோலில் எடையைத் தொங்கவிட்டு அதன் மூடியில் அவர் அமைத்த வால்வு வெளிநோக்கித் திறப்பது. வெடிப்பிலிருந்து காப்பது.

உள்நோக்கித் திறக்கும் வால்வுக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. தொடக்ககாலத் தாழ்அழுத்தக் கொதிகலன்கள் பெரியவை, மெல்லிய தகட்டாலானவை. உள்ளிருந்த நீராவி குளிர்ந்து நீரானால் கலத்துக்குள் வெற்றிடம் பிறக்கும். கெரிக்கேயின் கோளத்துக்கு நேர்ந்தது கொதிகலனுக்கும் நேரும். எனவே வெடிப்புக்கு எதிராக ஒரு வால்வு வைத்தவர்கள், நொறுங்கலுக்கு எதிராக மற்றொன்றையும் வைத்தார்கள். உள்ளே அழுத்தம் குன்றினால் வெளிக்காற்றே தகட்டைத் தள்ளித் திறந்துகொண்டு நுழையும். நம் கம்பள வண்டியில் இருக்கும் சிறு உறுப்பின் மூதாதை இதுதான்.

3. கசிவு

வெற்றிடத்தை வேலைக்கு அமர்த்த நினைத்தவர்களில் மிகப் பெரிய கனவு கண்டவர் இசம்பார்ட் கிங்டம் புரூனல். தெற்கு டெவன் ரயில் பாதையில் நீராவி எஞ்சின் இழுக்காத வண்டிகளை ஓட்ட அவர் துணிந்தார். தண்டவாளங்களுக்கு நடுவே நீண்ட இரும்புக் குழாய். குழாய்க்குள் ஒரு பிஸ்டன். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பாதையோரத்தில் கட்டப்பட்ட எஞ்சின் மனைகள் குழாயின் காற்றை வெளியேற்றும்; பின்னாலிருந்து வளிமண்டலம் பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டனோடு பிணைந்த வண்டி ஓடும். பிணைப்புக் கம்பி நகர வேண்டுமே, அதற்காகக் குழாயின் முதுகில் நெடுகப் பிளவு விடப்பட்டது. அந்தப் பிளவை இரும்புப் பட்டைகள் பதித்த தோல் மடிப்பு ஒன்று மூடியிருந்தது.

1847 செப்டம்பரில் எக்ஸெட்டருக்கும் டீன்மத்துக்கும் இடையே பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது. புகையில்லை, கரியில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிய வேகமும் பதிவாயிற்று. ஆனால் தோல் தோல்தானே. பனியில் விறைத்தது, வெயிலில் உலர்ந்தது, இரும்புத் துருவோடு சேர்ந்து சிதைந்தது. பிளவு நெடுகக் காற்று உள்ளே கசிந்தது. கசிந்த காற்றை எல்லாம் எஞ்சின் மனைகள் மறுபடி வெளியேற்ற வேண்டியிருந்தது. நிலையங்களுக்கிடையே தந்தி வசதி உடனே அமையாததால், வண்டி தாமதமானாலும் அட்டவணைப்படி பம்பை ஓட்டி நிலக்கரியை எரித்தார்கள். 1848 செப்டம்பரில், ஓராண்டுக்குள், திட்டம் கைவிடப்பட்டது. ஸ்டார்கிராஸ் என்னும் ஊரில் எஞ்சின் மனைக் கட்டிடம் ஒன்று இன்றும் நிற்கிறது.

எஞ்சின் ஆற்றலுக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலைப் புரூனலின் தோல்வி தெளிவாகக் காட்டிவிட்டது. குழாய்க்குள் வேண்டாமல் நுழையும் ஒவ்வொரு கன அடிக் காற்றுக்கும் எஞ்சின் விலை கொடுக்கிறது. டெவனில் அந்தக் காற்று நுழைந்தது கசிவாக. கம்பள வண்டியில் அதே காற்று நுழைவது வால்வின் வழியாக, நாம் குறித்த அளவில், நாம் குறித்த வேளையில். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுருள்வில்லின் இறுக்கம் மட்டுமே.

4. நெசவாலையில் பிறந்த காற்று

டிரக் மவுண்டின் இதயம் எஞ்சின் அன்று; எஞ்சின் சுழற்றும் புளோயர். முட்டை வடிவ உறைக்குள் எட்டு எண்ணின் வடிவம் கொண்ட இரண்டு சுழலிகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றையொன்று தொடாது, உறையையும் தொடாது. இடைவெளி காகிதக் கனம்தான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்துக் காற்றை அள்ளி மறுபக்கத்தில் கொட்டும்.

இதன் பெயர் ரூட்ஸ் புளோயர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் கம்பளி நெசவாலை நடத்திய ஃபிலாண்டர், ஃபிரான்சிஸ் என்னும் ரூட்ஸ் சகோதரர்கள் தங்கள் ஆலையின் நீர்ச்சக்கரத்துக்கு மாற்றாக ஒரு சுழலியைச் செய்ய முயன்றார்கள். நீருக்கு அது சரியாக வாய்க்கவில்லை. வார்ப்பாலைக்கார ஒருவர் அதைக் கையால் சுழற்றிப் பார்த்தபோது காற்று வேகமாக வீசியதாகவும், உலைக்குக் காற்றூத இது நன்றாக உதவும் என்று அவர் சொன்னதாகவும் கதை. 1860-இல் காப்புரிமை பெற்றார்கள். அதன் பிறகு இந்தப் பொறி உலைகளுக்கு ஊதியது, சுரங்கங்களுக்குக் காற்றளித்தது. 1870-இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பீச் தரைக்கடியில் ஓட்டிக் காட்டிய காற்று ரயிலைத் தள்ளியதும் ரூட்ஸ் புளோயரே. கம்பளி ஆலையில் பிறந்த பொறி நூறாண்டு சுற்றிவிட்டுக் கம்பளத்திடம் திரும்பி வந்தது.

5. வாசலில் நின்ற எஞ்சின்

எஞ்சினைத் தெருவில் நிறுத்திக் குழாயை வீட்டுக்குள் விடும் எண்ணமும் பழையதே. லண்டனில் எம்பயர் மியூசிக் ஹாலில் 1901-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஒருவர் தூசு நீக்கும் பொறி ஒன்றைக் காட்டினார். அது காற்றை ஊதித் தூசைக் கிளப்பியது. கிளம்பிய தூசு பெட்டியில் விழும் என்பது எதிர்பார்ப்பு. பார்வையாளராக வந்திருந்த ஹியூபர்ட் செசில் பூத் என்ற பாலப் பொறியாளர், ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று கேட்டார். முடியாது என்றார் பொறிக்காரர். சில நாட்களில் விக்டோரியா தெரு உணவகம் ஒன்றில் பூத், நாற்காலி மெத்தையின் மேல் கைக்குட்டையைப் போட்டு, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். இருமல் வந்தது. கைக்குட்டையின் அடிப்புறத்தில் கறுப்பு வட்டம் விழுந்திருந்தது.

அதே ஆண்டில் அவர் காப்புரிமை பெற்ற இயந்திரம் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடியதாக இல்லை. எஞ்சினும் பம்பும் வடிகட்டியும் குதிரை வண்டியில் ஏற்றப்பட்டு, வீட்டின் முன் நிறுத்தப்பட்டன. நீண்ட குழாய்கள் சன்னல் வழியாக உள்ளே சென்றன. சீருடை அணிந்த ஆட்கள் கம்பளங்களின் மேல் குழாய் முனையை ஓட்டினார்கள். சீமாட்டிகள் தோழியரைத் தேநீருக்கு அழைத்து இந்த வேடிக்கையைக் காட்டினார்கள். குழாயின் ஒரு பகுதியைக் கண்ணாடி போல் ஊடுதெரியும்படி அமைத்திருந்ததால், தம் வீட்டுத் தூசு ஓடுவதைப் பார்க்க முடிந்தது. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கம்பளங்கள் இந்த முறையில் சுத்தம் செய்யப்பட்டன. பிறகு அரண்மனைக்கும் இயந்திரங்கள் வாங்கப்பட்டன.

தெருவில் நின்ற எஞ்சினின் இரைச்சலுக்கு வாடகை வண்டிக் குதிரைகள் மிரண்டன. நட்டஈடு கேட்டு வழக்குகள் வந்தன. வீட்டுக்குள் அமைதியாகத் தூய்மை நடக்கத் தெருவில் ஒரு பேரிரைச்சல் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது. அதற்கு முன் அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. கம்பளங்களைச் சுருட்டித் தூக்கி, வெளியே கயிற்றில் தொங்கவிட்டு, பிரம்பால் அடித்து, எழும் தூசைச் சுவாசித்தவர்கள் வேலைக்காரர்களும் வீட்டுப் பெண்களும். பூத்தின் எஞ்சின் விடுவித்தது அவர்களுடைய தோள்களையும் நுரையீரல்களையும்தான்.

1908-இல் ஓஹையோவின் ஜேம்ஸ் ஸ்பாங்லர் கையால் தள்ளும் மின்சாரக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஹூவர் குடும்பத்தார் அதை வாங்கி வணிகமாக்கினர். வாசலில் நிற்கும் எஞ்சினின் காலம் முடிந்துவிட்டது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

6. தரையோடு ஒட்டிய கம்பளம்

அதைத் திரும்ப அழைத்தது கம்பளமே. ஜார்ஜியா மாநிலத்து டால்டன் ஊரில் கேத்தரின் எவன்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் 1895-இல் கையால் தைத்த குஞ்ச வேலைப் படுக்கை விரிப்பிலிருந்து ஒரு குடிசைத் தொழில் வளர்ந்தது. அது இயந்திரத் தொழிலாகி, படுக்கை விரிப்பு தரை விரிப்பாயிற்று. 1950-களின் இறுதியில் இதற்கென்றே ஏற்ற நைலான் இழை வந்ததும், அமெரிக்க நடுத்தர வீடுகளில் சுவர் முதல் சுவர் வரை கம்பளம் ஒட்டப்பட்டது. ஒட்டிய கம்பளத்தைச் சுருட்ட முடியாது. வெளியே தூக்க முடியாது. தூசை மட்டும் எடுத்தால் போதாது. இழையின் வேரில் படிந்த பிசுக்கை நீரால் கழுவ வேண்டும், கழுவிய நீரை அப்போதே எடுத்துவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் அடிப்புறம் நனைந்து நாறும்.

நீரைத் தூக்க வீட்டு மின்சாரம் தரும் சிறு மோட்டார் திணறியது. 1970-களில் வேன்களில் எஞ்சினும் ரூட்ஸ் புளோயரும் வெந்நீர்ச் சுருளும் ஏறின. பூத்தின் குதிரை வண்டி, குதிரை இல்லாமல், மீண்டும் வாசலுக்கு வந்தது. சில வண்டிகளில் தனி எஞ்சின். சிலவற்றில் வேனை ஓட்டும் எஞ்சினே புளோயரையும் சுழற்றுகிறது. நீரைச் சூடாக்குவதற்கும் பெரும்பாலும் எஞ்சினின் கழிவு வெப்பமும் புளோயர் வெளியேற்றும் சுடுகாற்றுமே பயன்படுகின்றன.

7. வில்லின் கணக்கு

இப்போது வால்வுக்கு வரலாம். இந்தத் தொழிலில் புதிதாக நுழைபவரை எளிதில் பற்றிக்கொள்ளும் நம்பிக்கை ஒன்று உண்டு. மானியில் முள் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு உறிஞ்சல். ஆகவே வால்வின் மரையை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால் கம்பளம் இன்னும் உலர்ந்து வரும். இது ஏன் பொய்யாகிறது என்பதைச் சிறு கணக்கால் பார்த்துவிடலாம்.

வாண்டின் வாயை வழுவழுப்பான பலகையில் அழுத்தி முற்றாக அடைத்துவிட்டால் வெற்றிடம் உச்சத்தில் இருக்கும், காற்றோட்டம் பூஜ்யம், ஒரு துளி நீர் கூட ஏறாது. வாயைத் தூக்கி அந்தரத்தில் பிடித்தால் காற்றோட்டம் உச்சத்தில் இருக்கும், வெற்றிடம் சொற்பம், அப்போதும் நீர் ஏறாது. இழைகளுக்கிடையே இருக்கும் நீரைப் பிடித்திழுத்துச் செல்வது ஓடுகின்ற காற்று. அதை ஓட வைப்பது அழுத்த வேறுபாடு. இரண்டின் பெருக்கமே வேலை. முள் காட்டுவது அந்தப் பெருக்கத்தின் பாதியை மட்டும்.

நிமிடத்துக்கு 400 கன அடி அள்ளும் புளோயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் அதைச் சுழற்ற, உராய்வுகளை விட்டுவிட்டால், சுமார் 10 குதிரைத்திறன் வேண்டும். 14 அங்குலத்தில் 12 குதிரைத்திறன். 16 அங்குலத்தில் ஏறக்குறைய 14. அங்குலத்துக்கு அங்குலம் எஞ்சின் கொடுக்கும் விலை நேராக ஏறுகிறது. கிடைக்கும் பொருளோ குறைகிறது. வெற்றிடம் ஆழமாக ஆக, அள்ளும் கன அளவு அதேதான், ஆனால் அதற்குள் இருக்கும் காற்று மெலிந்துகொண்டே போகிறது. 12 அங்குலத்தில் இயல்பான அடர்த்தியில் அறுபது விழுக்காடு. 15 அங்குலத்தில் பாதி. 20 அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு.

அந்த மெலிந்த காற்றுக்கு இன்னொரு கடமையும் உண்டு. புளோயருக்குள் பிறக்கும் வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியேற வேண்டியது அதுதான். வேலை கூடுகிறது, சுமப்பவர் குறைகிறார். கணக்கிட்டால், 12 அங்குலத்தில் காற்றின் வெப்பம் சுமார் 55 டிகிரி செல்சியஸ் உயரும். 15 அங்குலத்தில் 85. 20 அங்குலத்தில் 170. உண்மையில் இடைவெளிகள் வழியே காற்று பின்னோக்கி நழுவுவதால் இதைவிட அதிகம். சுழலிகள் சூட்டில் விரிகின்றன. காகிதக் கன இடைவெளி மறைகிறது. எட்டு வடிவங்கள் இரண்டும் ஒன்றையொன்றோ உறையையோ உரசினால் அந்தப் புளோயரின் கதை முடிந்தது. கெரிக்கேயின் கோளம் பாரத்தால் நொறுங்கியது. இது சூட்டால் சிக்கிக்கொள்கிறது.

ஆகவேதான் அந்த வாசல். இரண்டு அங்குல விட்டமுள்ள தகட்டின் மேல், 12 அங்குல வெற்றிடத்தில், வெளிக்காற்று சுமார் எட்டரைக் கிலோ எடையுடன் அழுத்துகிறது. வில்லை அந்த அளவுக்கு இறுக்கி வைத்தால், குழாய் அடைபட்டு வெற்றிடம் அதைத் தாண்டும் கணத்தில் தகடு விலகும். குளிர்ந்த காற்று உள்ளே பாயும். புளோயர் மூச்சுவிடும். எஞ்சினும் சுமை குறைந்து நிமிரும்.

எந்த அளவில் வைப்பது என்பது புளோயரின் தாங்கும் எல்லை, எஞ்சினின் திறன் இரண்டில் எது சிறியதோ அதைப் பொறுத்தது. எஞ்சின் சிறியது, வில்லோ இறுக்கம் என்றால், வெற்றிடம் ஏறும்போது எஞ்சின் திணறிச் சுழற்சி குறையும். சுழற்சி குறைந்தால் புளோயர் அள்ளும் காற்று குறையும். அதே எஞ்சின் ஓட்டும் நீர்ப்பம்பும் தளரும். கூடுதல் வெற்றிடத்துக்கு ஆசைப்பட்டு உள்ளதையும் இழந்த கதை. மறுபுறம், வில் மிகத் தளர்வாக இருந்தால் வால்வு எப்போதும் சற்றுத் திறந்தே கிடக்கும். கம்பளத்தின் வழியே வர வேண்டிய காற்று குறுக்கு வழியில் வரும். அந்த வேளையில் அந்த வண்டி, சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு தெற்கு டெவன் ரயில்.

எனவே அனுபவமுள்ளவர்கள், எல்லாக் குழாய்வாய்களையும் அடைத்து, எஞ்சினை வேலைச் சுழற்சியில் ஓட்டி, மானியைப் பார்த்து மரையைத் திருப்பி நிறுத்துகிறார்கள். பிறகும் அவ்வப்போது சோதிக்கிறார்கள். பஞ்சும் துருவும் சேர்ந்து தகடு ஒட்டிக்கொண்டால் வால்வு இருந்தும் இல்லாததே.

8. மலைமேல் பாதரசம்

டாரிச்செல்லியின் கருத்தைச் சோதிக்கப் பாஸ்கல் தன் மைத்துனர் பெரியேயை 1648 செப்டம்பரில் புய் தெ டோம் மலைமேல் பாதரசக் குழலுடன் ஏறச் செய்தார். அடிவாரத்தைவிட உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல் தாழ்ந்திருந்தது. காற்றுக் கடலின் ஆழம் உயரத்தில் குறைவு என்பது உறுதியாயிற்று.

கடல்மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வர் நகரில் கம்பளம் கழுவுபவர் பெரியேயின் மலையில்தான் தினமும் வேலை செய்கிறார். அங்கே வளிமண்டலம் மொத்தமே சுமார் 25 அங்குலம். கடற்கரை நகரில் 12 அங்குலத்துக்கு வைத்த வால்வை அப்படியே அங்கு கொண்டுபோனால், புளோயருக்குள் நுழையும் காற்று இன்னும் மெலிந்தது. அதே முள்ளுக்கு வெப்பம் 55-க்குப் பதில் 80 டிகிரியை நெருங்கி உயரும். எஞ்சினும் அதே மெலிந்த காற்றைத்தான் சுவாசிக்கிறது. ஆயிரம் அடிக்கு மூன்று விழுக்காடு என்ற கணக்கில் அதன் திறனும் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. முள் அதே இடத்தில் நிற்கிறது, ஆனால் அதன் பொருள் மாறிவிட்டது. மலைநாட்டில் வில்லைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருப்பது இதனால்தான்.

வெற்றிடத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வலிமையின் வரலாறாகவே எழுதியிருக்கிறோம். பதினாறு குதிரைகள், நூறு கிலோமீட்டர் வேகம், அரண்மனைக் கம்பளம். அதற்கு இணையாக, எவ்வளவு போதும் என்று கற்றுக்கொண்ட வரலாறு ஒன்றும் ஓடிவந்திருக்கிறது. அதைக் கற்றுத் தந்தவை கசங்கிய கோளம், குளிர்ந்த கொதிகலன், விறைத்த தோல் ஆகியவை. அந்தப் பாடத்தை ஒரு தகட்டிலும் ஒரு வில்லிலும் அடக்கி முதலில் பொருத்தியவர்கள் பெயர் தெரியாத தொழிலாளர்களாகவே இருந்திருப்பர். வேனுக்குள் குனிந்து மரையைத் திருப்பும் கைக்கு அவர்களுடைய பெயர் தேவைப்படுவதில்லை. முள் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். அந்த எண் அதற்குள் வந்து சேர முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.